கசங்காத பேண்ட்டும் மருந்து ரூமும்

ஆகஸ்ட் 12. காலை 7.10. ஆலை கேட்டில் முப்பத்தெட்டு பேர், என்னையும் சேர்த்து.

காட்டன் போட்டவர்கள் முப்பத்தேழு பேர் என்றுதான் நினைத்தேன்.

இந்த வலைப்பதிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நான் கெமிக்கல் டிப்ளமோ. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சேஃப்டி சூப்பர்வைசர். ஆண்கள் உடை பற்றி இங்கே எழுதுவது மாலை நேரத்து வியாதி.

கேட்டில் என் வேலை எளிது. பட்டாசு மருந்து கலக்கும் ரூமுக்குள் போகிறவர் உடம்பில் பாலிஸ்டர் இருக்கக்கூடாது. உரசினால் அதில் நிலைமின்சாரம் சேரும். ஒரு பொறி போதும். தீப்பிடித்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

மருந்து கலக்கும் அந்தோணி வந்தான். என் வயதுதான். சாம்பல் நிறப் பேண்ட். இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரே மடிப்பு, எங்கேயும் உடையவில்லை.

முதலில் ரசித்தேன். (பொய் சொல்ல மாட்டேன்.)

அப்புறம்தான் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தேன். பாலிஸ்டர் விஸ்கோஸ். உள்ளே விட முடியாது என்றேன்.

"நீங்க எழுதுனதுதான சார்? கசங்குன பேண்ட்டு போட்டா பாதி மதிப்பு போச்சு, பாலிஸ்டர் விஸ்கோஸ் எடுங்கன்னு போட்டிருந்தீக. அதப் பாத்துத்தான் தச்சேன்."

போன மாதம் எழுதியது. அப்படியே ஒப்பித்தான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மதியம் வேலை முடிந்ததும் நேராக சாத்தூருக்குப் பெண் பார்க்கப் போகிறானாம். வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லை. போன தடவை ஒரு வீட்டில் கசங்கின காட்டனைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டதாம்.

எனக்குப் பொறுமை குறைவு. நான் எழுதுவது ஆபீஸ் போகிறவர்களுக்கு என்று சொல்லிவிட்டேன்.

அது அவனுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

"அப்ப உங்க பேண்ட்டு முழுக்க காட்டனா சார்? பையும் சேத்தா? எங்க மச்சான் டெய்லரு. காட்டன் பேண்ட்டுக்கும் பைத்துணி பாலிஸ்டர்தான் வைப்பாகன்னு சொல்லுவாரு."

எல்லோர் முன்னாலும் பையை வெளியே இழுத்தேன்.

வெள்ளை. வழுவழுப்பு. விரலுக்கே தெரிந்துவிட்டது.

வெளித்துணிக்கு மூன்று கடை ஏறி இறங்கியவன் நான். பைத்துணி என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தப் பேண்ட்டோடு ஒரு வருடமாக மருந்து ரூமுக்குள் போய் வந்திருக்கிறேன், அடுத்தவன் துணியைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு.

ஸ்டோரில் பையில்லாத காக்கி காட்டன் டவுசர் இரண்டு இருந்தது. ஆளுக்கு ஒன்று. (எனக்கு இடுப்பு பத்தவில்லை. கயிறு கட்டினேன்.) அவன் பேண்ட்டை ஆபீஸ் ரூமில் மடிப்பு கலையாமல் நானே தொங்கவிட்டேன்.

இரண்டு மணிக்கு அதை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மடிப்பு நிக்குதா சார்?"

நின்றது. உண்மையிலேயே நன்றாக விழும் துணி. அதையும் சொன்னேன். காலையில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அத விடுங்க சார், பஸ்சு போயிரும்" என்று ஓடினான்.

சாயங்காலம், ஆலையிலிருந்து வெகுதூரம் தள்ளி, என் பைத்துணியில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி வைத்தேன். காட்டன் என்றால் சாம்பலாகும். இது சுருண்டு கருப்பு மணியாக உருண்டது.

அந்தப் பழைய பதிவை இப்போது திறந்து பார்த்தேன். ஷேர் செய்தவர்களில் பாதிப் பேர் நம்ம ஊர்க்காரர்கள். அதில் எத்தனை பேர் மருந்தில் கை வைக்கிறவர்கள் என்று எனக்குத் தெரியாது.

இனி செய்யப்போவது:

1. அந்தப் பதிவை அழிக்க மாட்டேன். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்கு இதைப் போட்டுப் போகாதீர்கள் என்று முதல் வரியாக இன்றே சேர்ப்பேன்.

2. சனிக்கிழமை விருதுநகர் டெய்லரிடம் என் ஐந்து பேண்ட்டின் பையையும் பிரித்துக் முழுக் காட்டனான காடாத் துணி வைக்கச் சொல்வேன். தைக்கிற நூல் காட்டனா என்றும் கேட்பேன்.

3. நாள் முழுக்க மடிப்பு நிற்கும் காட்டன் எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். அந்தோணி பேண்ட்டு அளவுக்கு நின்றால் போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4. நாளை காலை 7.10, கேட்டில் முதல் சோதனை எனக்கு. செய்யப்போவது அந்தோணி.