ஏழாம் இலக்கப் போத்தல்

நொதிக்க வைக்கும் பாத்திரங்களுக்கென்றே தனியாக ஒரு கடை இருப்பதும், அதற்குள் பட்டப்பகலில் ஒருவர் தலை நிமிர்ந்து நுழையலாம் என்பதும், இருபத்திரண்டு வருடம் லண்டனில் இருந்த பிறகும் எனக்குப் புதினமாகத்தான் இருந்தது. மன்னாரில் எங்கள் பக்கத்தில் எதையாவது நொதிக்க வைப்பவர்கள் பொலிசுக்குப் பயந்து பற்றைக்குள் வைப்பார்கள். இங்கே வாசலிலேயே விலைப்பட்டியல் தொங்குகிறது. நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டிலேயே இஞ்சியில் ஜிஞ்சர் பியர் செய்வது என் எண்ணம். தேவையான சாமான்களைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

கடைக்காரர் பொறுமையான கிழவர். கண்ணாடிச் சாடி பார்வைக்கு நல்லது, ஆனால் நிரம்பினால் தூக்க ஏலாது, ஈரக் கையில் வழுக்கும் என்றார். எவர்சில்வர் கலன் முதல் தடவைக்கு அதிகம் என்றார். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி போதும். நுரை எழும்ப இடம் வேண்டும், ஆகவே செய்யும் அளவைவிடப் பெரிதாக எடுங்கள் என்றார். மூடியில் செருக ஒரு ஏர்லொக் தந்தார். உள்ளேயிருக்கும் வாயு அதனூடாகக் குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. கடைசியாக, மிச்சச் சீனியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் காட்டி, "இதைப் பற்றியும் யோசித்துப் பார்க்கலாம்" என்றார். வேண்டாம் என்றேன். "உங்கள் விருப்பம்" என்று புன்னகைத்தார். மன்னார்க் கடைக்காரர் என்றால், "அண்ணை, இது இல்லாமல் கொண்டு போகாதேங்கோ, பிறகு என்னைப் பேசுவியள்" என்று கையில் திணித்திருப்பார். இந்த நாட்டில் எச்சரிக்கைகள் இப்படித்தான் வரும் என்பது வேலையிடத்தில் எனக்குத் தெரியும். கடையில் தெரியாமல் போயிற்று.

வாளியைக் குசினியில் பின்கதவோரம் வைத்தேன். காலையும் மாலையும் நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணி எழுதினேன். ஒன்பதாம் நாள் ஒன்றுமில்லை. 'முடிந்தது' என்று எழுதி அடிக்கோடிட்டேன். முடியவில்லை. பின்கதவுக் குளிரில் ஈஸ்ட் உறங்கிவிட்டது. சீனி அப்படியே கிடந்தது. அதைக் காட்டுவதற்கான கருவியைத்தான் நான் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். போத்தலிலும் பிழை விட்டேன். தடித்த மண்ணிறப் பியர்ப் போத்தல்கள் அவலட்சணமாக இருந்தன. கொடுக்கிற பொருள் கண்ணுக்கு நிறைவாக இருக்கவேண்டும் என்று, கம்பிப் பூட்டு வைத்த மெல்லிய சதுரப் போத்தல்கள் பன்னிரண்டை வீட்டுப் பாவனைப் பொருட்கடையில் வாங்கினேன். பொங்கி வருவதற்காக ஒவ்வொன்றிலும் மேலும் ஒரு கரண்டி சீனி போட்டு, இலக்கம் ஒட்டி, மனோர் பார்க்கிலுள்ள எங்கள் தேவாலயப் பங்குக் குடும்பங்கள் பதினொன்றுக்குக் கொடுத்தேன். பன்னிரண்டாவது எங்களுக்கு.

அந்தப் பன்னிரண்டாவது தை மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், வீட்டைச் சூடாக்கும் பொயிலருக்குப் பக்கத்து அலுமாரிக்குள், வெக்கையில் மீண்டும் நொதித்து வெடித்தது. என் மனைவி றெஜினா அலுமாரியை மூடிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கதவின் உட்பக்கத்தில், அவளுடைய கண் உயரத்தில், விரல் நீளக் கண்ணாடித் துண்டொன்று பலகைக்குள் ஏறி நின்றது.

"பிள்ளையள் இருக்கிற வீடுகளுக்கு என்னத்தையப்பா குடுத்தனீங்கள்?" என்றாள்.

புத்தகத்தையும் போனையும் எடுத்தேன். எங்கள் சனம் தந்த பொருளை உடனே திறப்பதில்லை. வடிவான போத்தல் என்றால் அலுமாரியில் வைத்து, அடுத்த வீட்டுக்குப் போகும்போது கொண்டு போவார்கள். மூன்றாம் இலக்கப் போத்தல், ஒன்பதாம் இலக்கத்தைப் பெற்ற வீட்டில் இருந்தது. ஐந்தாவது இரண்டு வீடு மாறியிருந்தது. தடித்த போர்வையால் மூடச் சொல்லி, கையுறையோடு நானே போய், பத்துப் போத்தல்களையும் குளிர்ந்த தோட்டங்களில் வைத்து மெல்ல மெல்லத் திறந்தேன். ஏழாம் இலக்கம் மட்டும் மிச்சம். அதைப் பெற்றவர் எங்கள் பாடகர் குழுவின் அருளப்பன் அண்ணை.

"அது நல்ல இடத்திலை இருக்கு" என்று சிரித்தார். "ஜனவரி வருசப் பிறப்போடை மன்னாருக்குப் போனன் தானே? சூட்கேசிலை வச்சுக் கொண்டுபோய் உம்மட அக்காட்டையே குடுத்திட்டன். தம்பி கையால செய்தது எண்டதும் மனுசி அழுதிட்டுது."

நாங்கள் பிறந்த வீட்டில் அக்கா தனியாக இருக்கிறா. உடனே போன் எடுத்தேன்.

"அக்கா, அந்தப் போத்தல் எங்கை?"

"ஷோகேசுக்குள்ளை. அம்மா அப்பான்ர படத்துக்குப் பக்கத்திலை. நீ வந்துதான் திறக்கோணும் எண்டு வச்சிருக்கிறன்."

இங்கே குளிரில் உறங்கியது அங்கே வெயிலில் விழித்திருக்கும். சுற்றிவரக் கண்ணாடி வேறு. ஒன்றையும் தொடவேண்டாம், ஷோகேஸ் இருக்கிற ஹோலைப் பூட்டிவிட்டுச் சாவியை எடுங்கோ என்றேன். அயலாக்களைக் கூப்பிட்டு எறிவிக்கட்டோ என்று கேட்டா. என் கை செய்ததில் இன்னொருவர் கை படவிட எனக்கு மனம் வரவில்லை.

பதினொரு வருடமாக அக்கா வா வா என்று கேட்டவ. ஷிப்ட், வீட்டுக் கடன், பிள்ளைகளின் சோதனை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். இந்த முறை இரண்டு நாளில் லீவு கிடைத்தது. சூட்கேசில் முகமூடித் தகடு, தோல் கையுறை, தடித்த ஏப்ரன். "சொக்லேட் இல்லை, சீலை இல்லை. வெல்டிங் வேலைக்கே போறியள்?" என்று றெஜினா கேட்டாள். சிரிக்கத்தான் கேட்டாள். இருவருமே சிரிக்கவில்லை.

இன்று காலையும் போன் எடுத்தேன். அக்கா குசினியில் கதிரை போட்டு இருக்கிறாவாம்.

"கதவிலை காதை வச்சுக் கேட்டனான். ஒரு சத்தமும் இல்லையடா. நீ சும்மா வெருட்டிறாய்."

"கதவடிக்குப் போகாதேங்கோ அக்கா."

"சரி, சரி. இவ்வளவு காலமும் நான் கூப்பிட்டு வராதவன், எப்பிடியோ வாறாய்."

நாளைக்குப் பயணம். பதினொரு வருடம் கழித்து, முகத்தை மூடிக்கொண்டு என் வீட்டுக் கதவின் முன்னால் நிற்பேன். அக்கா சாவியைத் தந்துவிட்டு, என்னைத் தொடாமலே, வேலியடி வரைக்கும் விலகிப் போவா. அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.