பாட்டில்லாத ஒரு மணி நேரம்

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். பாட வராது. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தத் திருவிழாக் கச்சேரி என்றாலும், பாடகர்களுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி எனக்கு ஓர் இடம் உண்டு. கைதட்டல் முன்னால் நிற்பவர்களுக்குத்தான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு படத்தை மனதில் தங்கவைப்பது பாட்டைவிடப் பின்னணி இசைதான் என்று அடித்துச் சொல்வேன். ரிதம் பேடு வாசிக்கும் தம்பி சிரிப்பான்.

"பிஜிஎம்ம எல்லாம் யாரு உக்காந்து கேப்பாங்கக்கா? ஜனங்களுக்குப் பாட்டுதான் வேணும்."

அவனுக்கான பதில் கல்வராயன்மலையில் கிடைத்தது.

வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊரில் அம்மன் திருவிழா. கருவிகளை ஏற்றிக்கொண்டு நானும் தம்பியும் டெம்போவில் முன்னால் போய்விட்டோம். பாடகர்கள் காரில் பின்னால் வந்தார்கள். மலைப்பாதை வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று சாய்ந்து வழியை அடைத்துவிட்டது. அவர்கள் கீழேயே மாட்டிக்கொண்டார்கள். போனில் பாடகர் கத்தினார்.

"கிரேன் வந்துக்கினு இருக்குதாம். ஒரு மணி நேரம் எப்பிடியாவது சமாளிங்க!"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மைதானம் நிறைந்துவிட்டது. விழாக் கமிட்டிக்காரர் மேடையோரம் வந்து நின்றார்.

"இன்னாம்மா, பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?"

"அவங்க வர்ற வரைக்கும் நான் வாசிக்கிறேங்க."

"பாட்டு இல்லாமலா?"

"பாட்டு இல்லாமத்தாங்க."

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். நான் மைக்கை இழுத்து, "வாசிக்கிறேன். படத்துல எந்தக் கட்டம்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

டிவியில் அடிக்கடி போடும் பழைய அண்ணன் தங்கைப் படம் ஒன்று. தங்கை சிறுமியாக இருக்கும்போது சின்னதாக ஒரு புல்லாங்குழல் வரும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுக்கலாம், அவ்வளவு எளிது. கீபோர்டில் புல்லாங்குழல் ஒலியை வைத்து அதை வாசித்தேன். முன்வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் கத்தினாள்: "தங்கச்சிய சைக்கிள்ல வெச்சி ஓட்டிக்கினு போவானே, அது!"

மைதானமே சிரித்தது. உடனே அதே மெட்டை வயலின் ஒலிக்கு மாற்றி மெதுவாக இழுத்தேன். யாரும் கத்தவில்லை. தங்கை புருஷன் வீட்டுக்குப் புறப்படும் கட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கும் இடத்தில் படத்தில் இசை நின்றுபோகும். நானும் கையை எடுத்தேன். பொரி விற்றவரும் கூவுவதை நிறுத்தியிருந்தார். தம்பி யாரும் சொல்லாமலே குச்சிகளைக் கீழே வைத்தான்.

நல்ல பின்னணி இசைக்கு நூறு வயலின் தேவையில்லை. ஓர் ஆளோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன மெட்டு போதும். அந்த ஆள் வளர்ந்தால் மெட்டும் வளர வேண்டும், அவர் உடைந்தால் கூடவே உடைய வேண்டும். வாய்மூட வேண்டிய இடமும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை நான் எப்போதும் சொல்லிவந்தேன். அன்று ஓர் ஊரே ஆமாம் என்றது.

அடுத்து வில்லன் நடந்துவரும் இசை. தம்பி உற்சாகமாகி ரிதம் பேடை வெளுத்து வாங்கினான். பிறகு பேய்ப்படம். பிள்ளைகள் அம்மாக்களின் முந்தானைக்குள் புகுந்தார்கள். வழி திறந்து மேலே வந்துசேர்ந்த பாடகர் அவசரமாக மேடையேறி மைக்கைப் பிடித்தபோது கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. அந்தப் பேய முடிக்கட்டும்!"

அவர் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தார்.

டீ இடைவேளையில், முன்வரிசையில் குழந்தையோடு நின்ற அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அந்தத் தங்கச்சி இசைய இன்னொருவாட்டி வாசிக்கிறீங்களாக்கா? எங்கண்ணன் குடகுல காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்க்கீது. ரெக்கார்டு பண்ணி அனுப்பணும்."

அவளுக்காகவே புல்லாங்குழல், வயலின் இரண்டையும் வாசித்தேன். போனில் பதிவுசெய்துகொண்டு, அதை அனுப்ப நெட் சிக்னல் தேடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து போனை என் காதருகே பிடித்தாள். அண்ணன்காரன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மெட்டைச் சுருதி பிசகாமல் சீட்டியடித்து அனுப்பியிருந்தான். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ரிஷிவந்தியத்தில் கச்சேரி. பாதியில் பாடகரே மைக்கில், "இப்ப அக்கா வாசிப்பாங்க. பாட்டு கெடையாது, கேளுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தம்பி என் கீபோர்டைத் தூக்கி மேடையின் முன்பக்கம் வைத்தான்.