தூக்கிய கைக்கு ஒரு பெனால்ட்டி

கால்பந்தில் பெனால்ட்டி கொடுத்தால் பாதி ஊர் அடிக்க வரும், மீதிப் பாதி, "இம்புட்டு லேட்டாவா ஊதுறது?" என்று திட்டும்.

விசில் ஊதி வசவு வாங்கும் தோழர்களே! மில் வாசலில் கொடி பிடித்தவன் நான். துண்டுப் பிரசுரம் படித்தே உலகத்தைத் தெரிந்துகொண்டவன். மில்லை மூடிய பிறகு மதுரை வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ரெப்ரி. அங்கேயும் அநீதி! வரிசை மாறாமல் சொல்கிறேன். முதல் அநீதி: என் சொந்த ஊரான ஆனையூரின் போட்டி நோட்டீசில் பந்து வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. இரண்டாவது: அடுத்த வருடம் மைக்கில் என்னை 'விசில்காரர்' என்றார்கள். மூன்றாவது: அதற்கும் அடுத்த வருடம் ஜெனரேட்டர்காரருக்குக்கூடப் பெயர் வாசித்துப் பொன்னாடை போர்த்தினார்கள், எனக்கு ஒரு பன்னீர் சோடா.

இந்த வருடம் ஒற்றைக் கோரிக்கை வைத்தேன். பைனல் முடிந்ததும், பொதுமக்கள் சாட்சியாக, ரெப்ரி பெயரை ஊரோடு சேர்த்து முழுசாக மைக்கில் வாசிக்க வேண்டும். கமிட்டிச் செயலாளர் ஆரோக்கியம் வாத்தியார் கையில்தான் மைக்கும் இருந்தது. அவர் சொன்னார்: "தகராறு இல்லாம முடிச்சுக் குடுங்க தோழர், கண்டிப்பா வாசிச்சிருவோம்."

கோடு யாருக்குச் சொந்தம்?

பைனலுக்கு முந்தைய வாரம் வாடிப்பட்டியில் ஒரு ஆட்டம். வறண்ட கண்மாய்தான் மைதானம். தடுப்பாட்டக்காரர் எதிராளியின் காலை வாரினார். வாரிய இடம் மிகச் சரியாகச் சுண்ணாம்புக் கோட்டின் மேல். ஊதினேன். வாரியவரின் கேப்டன் குப்புறப் படுத்துக் கோட்டையே மோந்து பார்த்துவிட்டு, "உள்ள இல்லையேண்ணே!" என்றார்.

"கோடும் பெனால்ட்டிப் பெட்டிக்குச் சொந்தம் தம்பி. கோட்டில் செய்த தப்பு உள்ளே செய்த தப்புதான்" என்று விளக்கினேன். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்: "எங்க பெரியப்பாவும் வரப்பு தனக்குத்தான் சொந்தம்னாரு. கேஸு இன்னும் நடக்குதுண்ணே!"

விழுந்த வாத்தியார்

அன்று சாயங்காலமே கே.கே. நகரில் ஆசிரியர்களுக்கும் பேங்க்காரர்களுக்கும் சிநேக ஆட்டம். கோல் அருகே அறிவியல் வாத்தியார் ஒருவர் அலறி விழுந்து மூன்று சுற்று உருண்டார். நான் பார்ப்பது விழுந்த அழகை அல்ல. விழுவதற்கு முன் யார் கால் யார் மேல் பட்டது என்பதை. யார் காலும் படவில்லை. பக்கத்தில் காற்றுதான் இருந்தது; காற்றுக்கு நான் எப்படிக் கார்டு காட்டுவேன்?

ஆசிரியர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதற்குள் கூட்டத்திலிருந்து வாத்தியாரின் மனைவி எழுந்து குரல் கொடுத்தார்: "ஊதாதீங்க சார்! துணி காயப் போடச் சொன்னாலும் இவரு இப்படித்தான் விழுவாரு!"

தூக்கிய கை

ஆனையூர் பைனல். உள்ளூர் அணியும் வெளியூர் அணியும் சமம். கடைசி நிமிடம். எதிரணி ஆள் பந்தோடு பெட்டிக்குள் பாய, ஆனையூர்த் தடுப்பாட்டக்காரன் பாண்டி "ஆப்சைடு!" என்று கத்திக்கொண்டே கையைத் தூக்கினான். முஷ்டி மடக்கி, தலைக்கு மேலே, ஊர்வலத்தில் தூக்குவது போல! ஆப்சைடு இல்லை, லைன்மேன் கொடி அசையவில்லை. உதைத்த பந்து நேராக வந்து அந்த முஷ்டியில் மோதியது.

உடம்போடு ஒட்டிக் கிடந்த கையில் பந்து வந்து பட்டால் விட்டுவிடலாம். தலைக்கு மேலே போன கைக்கு மன்னிப்பில்லை. மைக்கில் ஆரோக்கியம், "தோழர்... பாத்து... பேரு வாசிக்கணும்ல..." என்று இழுத்தார். பேரத்துக்கா பணிவேன்? ஊதினேன். பாண்டி மில்லில் என் பின்னால் கோஷம் போட்டவன், ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தான்: "கையத் தூக்கு, கையத் தூக்குன்னு வாசல்ல நின்னு கத்துக்குடுத்ததே நீங்கதானண்ணே!"

பெனால்ட்டி கோல் ஆனது, ஆனையூர் தோற்றது, ஜனம் மேடையை நோக்கித் திரும்பியது, என் ஆயுளில் நான் முழுசாக ஜெயித்த ஒரே கோரிக்கை, கமிட்டியைக் காப்பாற்ற ஆரோக்கியம் வாத்தியார் மைக்கைப் பிடித்து அலறியபோது நிறைவேறியது: "பொதுமக்களே! இந்தப் பெனால்ட்டிக்கும் கமிட்டிக்கும் சம்பந்தமே இல்ல! குடுத்தது இந்தா நிக்கிற ரெப்ரி, ஆனையூர் தோழர் சு. மாசிலாமணி!"