நுரை வடிந்த விரிப்பு

சின்னமனூரில் ஜெபராஜ் நடத்தும் பராமரிப்பு இல்லத்தில் பதினொரு கட்டில்கள். அவற்றில் ஆறு பேர் எழுந்து நடமாட முடியாதவர்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது விரிப்புகள் அழுக்காகும். அத்தனையையும் துவைப்பவள் பாண்டியம்மாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆண்டிபட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்து கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். இருபது வருடம் விடியற்காலையில் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போனாள். கணவர் சுருளியாண்டி மஞ்சள் காமாலையில் இறந்தார். அடுத்த சில வருடங்களில் முழங்கால் தேய்ந்தது. மலைச்சரிவில் நிற்க முடியாமல் இங்கே வந்து சேர்ந்தாள். இல்லத்தின் பின்பக்கம் அவளுக்கு ஓர் அறை உண்டு. அதை விட்டால் தம்பி வீடுதான். தம்பி பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்டுக் குடிப்பதைவிட இங்கே மூத்திரத் துணி அலசுவது மேல் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். போன ஆடி மாதம் ஐந்து நாட்களுக்கு அந்த அறை அவள் கையில் இருக்குமா போகுமா என்று தெரியாமல் இருந்தது.

நான் முப்பத்தெட்டு வருடம் படுக்கை நோயாளிகளைப் பார்த்தவள். இல்லத்தில் எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். நடந்ததில் எனக்கும் பங்கு இருப்பதால் எழுதுகிறேன்.

வைகாசியில் ஜெபராஜ், முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய வாஷிங் மெஷின் வாங்கிப் போட்டார். அதுவரை பாண்டியம்மாள் கல்லில் துவைத்துத் தொட்டியில் மூன்று தண்ணீர் அலசிக்கொண்டிருந்தாள். மெஷினோடு வந்தவர் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். எந்த சோப்பு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூட்டையாக வாங்கி வைத்திருந்த கைச்சலவைத் தூளையே போட்டோம். முதல் வாரம் விரிப்பில் லேசாக வாடை வந்தது. இன்னொரு கரண்டி சேர்த்துப் போடு என்று சொன்னது நான்.

ஆனி கடைசியில் முத்துராமலிங்கத்துக்கு முதுகு சிவக்கத் தொடங்கியது. அவருக்கு எழுபத்து நான்கு வயது, சர்க்கரை நோயாளி, வலது பக்கம் பக்கவாதம். பேச்சு குழறும். பாண்டியம்மாளைக் கண்டால் மட்டும், "அரிக்குது ஆத்தா" என்பார். சர்க்கரை உள்ளவருக்குத் தோல் ஒருமுறை பிளந்தால் மூடுவது கஷ்டம். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். பூசினோம். சிவப்பு நிற்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்த குறிப்புகளைச் சரிபார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. வேர்வையாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு இரண்டு பேரும் அரிப்பு என்று சொன்னார்கள். அவர்களால் சொறிந்துகொள்ள முடிந்தது. அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

ஆடி பிறந்த வாரம், திங்கட்கிழமை, முத்துராமலிங்கத்தின் மகன் சண்முகராஜ் வந்தார். தேனியில் உரக்கடை வைத்திருப்பவர். அப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தோளிலிருந்து இடுப்புவரை சிவப்பு. இரண்டு இடத்தில் சிறு கொப்புளம். செல்போனில் படம் எடுத்தார்.

"துணியை முக்கித் தூக்கிக் காயப்போடுறாகளா சிஸ்டர்? துவைக்கிறது யாரு?"

பாண்டியம்மாள் மடித்த விரிப்புகளோடு வாசலில் நின்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னார். அப்போதும் இப்படியே இருந்தால் அப்பாவை அழைத்துப் போய்விடுவார், படமும் போக வேண்டிய இடத்துக்குப் போகும். ஜெபராஜ் அங்கேயே, துவைக்க வேறு ஆள் போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். மாலைக்குள் உத்தமபாளையத்துப் பெண் ஒருத்தியிடம் பேசி, சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

பாண்டியம்மாள் அன்று சாப்பிடவில்லை. முத்துராமலிங்கத்தின் விரிப்பு, தலையணை உறை, சட்டை எல்லாவற்றையும் உருவி, மூன்று கரண்டி தூள் போட்டு இரண்டு முறை ஓட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் துணியே தெரியாத அளவு நுரை. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் துவைகிறது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. சிவப்பு கழுத்துக்கு ஏறியிருந்தது. புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டேன். பாண்டியம்மாள் பின்அறையில் இரும்புப் பெட்டியை இழுத்து வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை முடியட்டும் என்று அதட்டினேன். "அவுக போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே போறது மரியாதை" என்றாள்.

மத்தியானம் சாரல் பிடித்தது. மேற்கே மலை மறைந்து, காற்றோடு பொடிமழை இறங்கியது. மொட்டைமாடியில் காலையிலேயே காய்ந்துபோன விரிப்புகள் இருந்தன. பாண்டியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள். அவள் கத்திக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போனேன்.

கொடியில் தொங்கிய விரிப்பின் கீழோரத்தில் வெள்ளையாக நுரை கோத்திருந்தது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து, மழைத்தண்ணீரில் குமிழாக ஓடியது. அவள் ஓரத்தைப் பிழிந்தாள். விரல் இடுக்கில் நுரை வந்தது.

"இது காஞ்ச துணி சிஸ்டர். ரெண்டு தடவை ஓட்டுனது. சோப்பு இன்னும் உள்ளயேவா இருக்கு?"

விரிப்பை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பு. சிவந்த இடங்கள் நினைவுக்கு வந்தன. முதுகு, இடுப்பு, முழங்கை, தலையணை படும் கன்னம். துணி படும் இடமெல்லாம் சிவப்பு. வேர்வை பட்டால் சோப்பு கசியும் அந்தத் துணியில்தான் அவரை இருபத்து நாலு மணி நேரமும் படுக்க வைத்திருந்தோம்.

கீழே போய் மெஷினைத் துணியும் இல்லாமல் தூளும் இல்லாமல் வெந்நீரில் ஓட விட்டோம். பத்து நிமிடத்தில் கண்ணாடியில் நுரை ஏறியது. ஒரு பொட்டு சோப்புகூடப் போடாத மெஷின் அது.

பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். அவள் பிறந்த ஊரில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர். அள்ளிப் போட்டால்தான் கொஞ்சமாவது நுரைக்கும். அந்தக் கைப்பழக்கம் அவளோடு வந்தது. கம்பத்தில் வாய்க்காலில் அலசினாள், ஓடுகிற தண்ணீர் மிச்சத்தை அடித்துக்கொண்டு போனது. இங்கே குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர், சிட்டிகை தூளுக்கே நுரைக்கும். இந்த மாதிரி மெஷினோ கொஞ்சத் தண்ணீரில் துணியைப் புரட்டிப் புரட்டி அடித்துத்தான் அழுக்கை எடுக்கிறது. நுரை பொங்கினால் துணி மெத்தையில் விழுவதுபோல் விழும், அழுக்கு போகாது. அலசுவதற்கு அது எடுக்கும் தண்ணீரும் சோப்பை வெளியேற்றப் போதாது. வாடை போகாததற்குக் காரணம் தூள் குறைவு இல்லை, அதிகம். நான் மருந்தைக் கூட்டிக் கூட்டி நோயை வளர்த்திருக்கிறேன்.

ஜெபராஜிடம் அப்போதே சொன்னேன், கரண்டியைக் கூட்டச் சொன்னது நான் என்றும் சேர்த்து. அவர் நெற்றியைத் தேய்த்தார். சண்முகராஜிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை முதுகு என்ன சொல்கிறதோ அதுதான் என்றார்.

கடைத்தெருவில் நானே போய்த் தேடினேன். முன்கதவு மெஷினின் படம் போட்ட, நுரை குறைந்த சலவைத் திரவம்தான் வேண்டும். மேல்மூடி மெஷினுக்கானதையே கடைக்காரர் இரண்டு தடவை எடுத்து நீட்டினார், எல்லாம் ஒன்றுதான் என்றார். வாசனை இல்லாததாகக் கேட்டபோது, வாசனை இல்லாமல் யார் வாங்குவார்கள் என்று சிரித்தார். மூன்றாவது கடையில் கிடைத்தது. துணியை மென்மையாக்கும் திரவம் இலவசம் என்று கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தேன். அதுவும் துணியில் தங்குவதுதான்.

வெறும் வெந்நீரில் மெஷினை நான்கு முறை ஓட்டிய பிறகே நுரை நின்றது. விரிப்புகளையும் முதலில் சோப்பில்லாமல் ஓட்டி எடுத்தோம். மூத்திரம் பட்டதைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, மெஷினை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல், மூடியில் பாதிக் கோடுவரை மட்டும் திரவம் ஊற்றி ஓட்டினோம். பாண்டியம்மாள் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். நுரையே இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வெறுந்தண்ணியில ஆட்டுற மாதிரில்ல இருக்கு. இதுவும் சரியில்லைன்னா என்னையத்தானே சொல்லுவாக?"

துணி வெளியே வந்ததும் முகர்ந்தாள். ஒரு வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. மறுபடி முகர்ந்தாள். வாடை இல்லை. ஆனாலும் இரும்புப் பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை.

புதன்கிழமை மாற்றம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை கழுத்துச் சிவப்பு இறங்கியது. முதுகு அப்படியே இருந்தது. அன்று பாண்டியம்மாள் ஏழெட்டு முறை வந்து எட்டிப் பார்த்தாள். பொய்யாகத் தைரியம் சொல்வது என் வழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சண்முகராஜ் வந்தார். அவரே சட்டையைத் தூக்கினார். சிவப்பு முழுதாகப் போகவில்லை. வெளிறி, ஓரங்கள் சுருங்கியிருந்தன. உடைந்த கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. திங்கட்கிழமைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே. ஆளை மாத்துனது நல்லதாப் போச்சு."

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் அவர் திருப்தியாகப் போயிருப்பார், சனிக்கிழமை உத்தமபாளையத்துப் பெண்ணும் வந்திருப்பாள்.

"ஆளை மாத்தலை சார். சோப்பை மாத்துனோம். தப்பா அதிகம் போடச் சொன்னது நான். அதைக் கண்டுபிடிச்சது இந்தம்மா" என்று வாசலைக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. இது தெரியாமலா இத்தனை வருடம் சிஸ்டராக இருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தெரியாமல்தான் இருந்தேன் என்றேன். ஜெபராஜ் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கட்டிலில் இருந்தவர் இடது கையை வாசல் பக்கம் நீட்டினார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"இப்ப... அரிக்கலை ஆத்தா."

சண்முகராஜ் அப்பாவின் சட்டையை இறக்கிவிட்டார். படத்தை அழிக்கவில்லை, அடுத்த வாரமும் பார்ப்பேன் என்றார். அப்பாவை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஜெபராஜ் முற்றத்துக்குப் போய் உத்தமபாளையத்துக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றார்.

சாயங்காலம் மறுபடி சாரல். மாடிக்கு ஏறிய பாண்டியம்மாள் துணியை உடனே உருவவில்லை. ஒவ்வொரு விரிப்பின் கீழோரத்தையும் பிழிந்து பார்த்துவிட்டே எடுத்தாள். கீழே வந்ததும் ஈர விரிப்புகளை மெஷின் மேல் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். இரும்புப் பெட்டி சிமெண்டுத் தரையில் உரசிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகும் சத்தம் கேட்டது.