விற்றுப் போகாத ஜீப்

அந்த ஜீப் விற்றுப் போகவில்லை. விற்றுப் போய்விட்டது என்று என் மனைவியிடம் நான் சொன்னது பொய்.

இதுதான் என் குற்றம். கேட்க அற்பமாக இருக்கிறது, இல்லையா? பழைய வண்டி ஒன்றைப் பற்றி ஒரு கணவன் சொன்ன சின்னப் பொய்... நீயும் உன் வீட்டில் இதைவிடப் பெரிதாகச் சொல்லியிருப்பாய். ஆனால் என் பொய்க்குள் என் மகள் இருக்கிறாள். ஏழு வயதிலேயே இருக்கிறாள்.

மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கி விற்பவன் நான். வீடு பலாபத்வலையில், பெரிய பாதையை விட்டு உள்ளே. வாசலிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி, ஓடைமேல் போட்ட சிறு பாலத்தைக் கடந்து, செம்மண் ஏற்றம் ஒன்றில் ஏறினால்தான் பெரிய பாதை கிடைக்கும். வெயில் காலத்தில் அது ஒழுங்கான ஏற்றம். டிசம்பர் மழை பிடித்துவிட்டால் நனைந்த சவர்க்காரக் கட்டிபோல வழுக்கும்!

மகள் ஹிதாயாவுக்கு மூச்சிழுப்பு நோய். மழை தொடங்கினால் அவளுக்கும் தொடங்கிவிடும். சந்தியில் நிற்கும் வாடகைக் கார்க்காரர்கள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்க மாட்டார்கள். ஒரு முறை அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நானும் மனைவியின் தம்பியும் ஏற்றம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போனோம். அன்றுதான் சொந்தமாக ஒரு வண்டி வாங்குவதென்று முடிவு செய்தேன். கவனித்துக்கொள். வண்டி வேண்டியிருந்தது அவளுக்காக. வேறு எதற்காகவும் இல்லை.

என் மனைவி கதீஜா வாய் திறந்து எதையும் கேட்கிறவள் அல்லள். அன்று அவளே கேட்டாள்.

"இங்க பாருங்க, மேல் தோட்டத்துத் தொரை சீமைக்கே போறாராம். அவருட ஜீப்ப கேட்டுப் பாருங்க. நாலு சில்லும் சேந்து இழுக்குமாம். மழைக்குப் புள்ளைய கொண்டு போக அதுதான் சரி."

போனேன். அன்று நல்ல மழை. துரை என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த செங்குத்தான சேற்றுப் பாதையில் ஏறிக் காட்டினார். ஜீப் கொஞ்சம் முனகியது, ஏறியது. நடுவில் நிறுத்தினார். மறுபடியும் எடுத்தார். அப்போதும் ஏறியது. தோட்டத்தில் பழகிய தமிழில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எங்க ஊர்ல குளிர் காலத்துக்கு பனி விழும், மொதலாளி. பாதை எல்லாம் கண்ணாடி மாதிரி. எங்க அப்பா இந்த மாதிரி வண்டிதான் வீட்டுக்கு வாங்குனாங்க. பனிக்கே இது நிக்கும். ஒங்க சேறு இதுக்குச் சின்ன வேல. வெள்ளிக்கிழம வரைக்கும் நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை வரைக்கும்! முழுதாக ஐந்து நாள் எனக்காக அந்த வண்டி காத்திருந்தது.

அந்த ஐந்து நாளில் என்ன நடந்தது என்று கேள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று வாரத்தில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளையைக் காரில் வைத்துத்தான் ஊர்வலமாகப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போவார்கள். யாருடைய காரில் மாப்பிள்ளை போகிறார் என்பது ஊர் முழுக்க ஒரு மாதத்துக்குப் பேச்சாக இருக்கும். அதுவரை எல்லா மாப்பிள்ளைகளும் போனது கடைத்தெருவின் இன்னொரு முதலாளி காரில். அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊரையே தான் ஓட்டுவதுபோல உட்கார்ந்திருப்பார். எனக்கு அது வயிற்றெரிச்சல்.

ஜீப் பார்த்துவிட்டு வந்ததை மனைவியின் தம்பியிடம் கடையில் வைத்துச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"என்ன மச்சான், மாப்பிள்ளைய மரக்கறி மூட்டையோட ஏத்திட்டுப் போகப் போறீங்களா?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு என் புத்தி போய்விட்டது.

மறுநாள் கண்டிக்குப் போய்க் கறுப்புக் கார் ஒன்றைப் பேசி முடித்தேன். நீளமான, தாழ்வான, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பான கார். ஏற்றத்தைப் பற்றி நினைத்தேனா? நினைத்தேன்! நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். காரைக் குனிந்து பார்த்தபோதே அதன் அடிவயிறு நிலத்தோடு ஒட்டிக் கிடப்பது தெரிந்தது. டிசம்பர் மழைக்கு இன்னும் நாளிருக்கிறது, ஏற்றத்துக்குக் கல் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்தக் கல்லை நான் போடவேயில்லை.

வீட்டுக்கு வந்து கதீஜாவிடம் சொன்னேன்: "ஜீப்பு வித்துப் போச்சு. தொரை நேத்தே வேற ஆளுக்குக் குடுத்துட்டாராம்."

அவள் முகம் வாடியது. அவள் வாட்டத்தைப் போக்க, மார்க்கத்தையும் மானத்தையும் துணைக்கு இழுத்தேன். "பொம்பளைங்க போற வண்டிக்குத் திரை வேணாமா? ஜீப்புல எங்க திரை போடுறது? நான் பேசி வெச்சிருக்கிற காருதான் நமக்குத் தோது" என்றேன். பின்சீட்டு ஜன்னல்களுக்குப் பச்சைச் சாட்டின் திரை தைக்கச் சொன்னேன். அவளே உட்கார்ந்து தைத்தாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை என் காரில்தான் போனார். நான்தான் ஓட்டினேன். முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஹிதாயா நின்றுகொண்டு, தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் கை காட்டினாள். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்... அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான் என் மீதே எனக்கு அருவருப்பு அதிகம்.

டிசம்பர் வந்தது. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் பிற்பகல், அஸர் தொழுகை முடிந்த நேரம், ஹிதாயாவுக்கு இழுப்பு வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. கதீஜா அவளை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். பாலம் வரை போனோம். ஏற்றத்தில் கால்வாசிகூட ஏறியிருக்க மாட்டோம், சில்லுகள் சுழல ஆரம்பித்தன. நான் மிதிக்க மிதிக்கக் கார் பக்கவாட்டில் வழுக்கி, பாதையோர வடிகானுக்குள் இறங்கிச் சாய்ந்தது.

"வாப்பா, தெரைய தொறங்க" என்றாள் என் மகள். திரைதான் காற்றை மறைக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

கதீஜா திரையைப் பிய்த்துப் போட்டாள். பிள்ளையைச் சீட்டில் சாய்த்துவிட்டு இறங்கினாள். திரையில்லாமல் தெருவுக்குப் போகக் கூடாது என்று நான் யாரைக் காட்டிக் கார் வாங்கினேனோ, அவள் முக்காடு சேற்றில் புரள, முழங்கால் புதைய நின்று அந்தக் காரைத் தள்ளினாள். "மிதிங்க! மிதிங்க!" என்று கத்தினாள். நானும் மிதித்தேன். சில்லு வாரியடித்த சேறு முழுக்க அவள் மேல் விழுந்தது.

எவ்வளவு நேரம் அப்படி வீணாக்கினேன்? தெரியவில்லை. பிறகுதான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் ஓடினேன். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். பெரிய பாதைக்கு வந்தபோது, காதோரம் கேட்டுக்கொண்டிருந்த இழுப்புச் சத்தம் நின்றிருந்தது. மூச்சு சீராகிவிட்டது என்று நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்...

எதற்கு நன்றி சொன்னேன் என்று லொறி ஒன்றில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மகளை அடக்கிய அன்று மையத்து வீட்டில் எல்லோரும் இறைவனின் நாட்டம் என்றார்கள். மனைவியின் தம்பி மட்டும் அழுதுகொண்டே, "அந்த ஜீப்பா இருந்திருந்தா ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டான். அவன் ஏதோ என்னைக் குத்துகிறான் என்று கதீஜா நினைத்தாள் போலும். உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அவங்கள ஒண்ணும் சொல்லாத தம்பி. அவங்க அதத்தான் வாங்கப் போனாங்க. நமக்கு நஸீபு இல்ல, தொரை வேற ஆளுக்குக் குடுத்துட்டார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் என்னைக் காப்பாற்றக் காப்பாற்ற, உண்மை என் தொண்டையில் இன்னும் கீழே இறங்கியது.

ஏழாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பக்கத்து ஊரான நாலந்தாவிலிருந்து ஒரு சிங்கள முதலாளி வந்தார். எனக்கு மிளகு தருகிற மனிதர். அவர் வந்தது அந்த ஜீப்பில்! மழை அப்போதும் விட்டிருக்கவில்லை. அந்த ஏற்றத்தில் அலுங்காமல் இறங்கி வந்து என் வாசலில் நின்றது. வண்டி எப்போது வாங்கியது என்று யாரோ கேட்டார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணம் முடிந்த வாரம்தான், அதுவரை துரை அதை யாருக்கும் விற்கவில்லையாம் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். கதீஜாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அன்று முழுக்க அவள் கேட்பாள், கேட்பாள் என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருடம் கேட்கவில்லை. காதில் விழவில்லை என்றே முடிவு கட்டி, நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். நிம்மதி! என்ன மனிதன் நான்?

போன வருடம் அவள் படுக்கையில் விழுந்தாள். இனித் தேறாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மௌத்தாகிக் கண் மூடுவதற்கு முன்னால், பழகியவர்களிடம் செய்த பிழைகளைப் பொருந்தச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் பொருந்த வேண்டும், அவன் பொருந்தாமல் இறைவனும் மன்னிக்க மாட்டான் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தருகிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீ என்னை மன்னித்தாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை.

அன்று காலை கதீஜா எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க... ஒங்களுக்கு நான் ஒரு பெரிய துரோகம் பண்ணிட்டேன். நாலந்தா மொதலாளி அன்னைக்கிச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஜீப்பு வித்துப் போச்சுன்னு நீங்க சொன்னது பொய்யோன்னு மனசுல ஒரு நெனப்பு வந்துட்டுது. பெத்த வாப்பா அப்படிச் செய்வாரா? ஆனாலும் நெனச்சேன். எத்தனையோ நாள் நெனச்சேன். என்னப் பொருந்திக்கோங்க."

என்னிடம் கேட்டாள். அவள்... என்னிடம்!

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். கண் கலங்கி, "பொருந்த மாட்டீங்களா?" என்றாள்.

"பொருந்திட்டேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. பெரிய சுமையை இறக்கி வைத்தவளாக என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடுப்பகல் லுஹர் நேரத்தில் மூச்சு அடங்கும் வரை அந்தப் பிடியை விடவில்லை. உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது.