மருந்து ஏறும் நேரத்தில் குரோஷே

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். போன வருடம் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அது இன்னும் மோசமாயிற்று.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. சாய்வு நாற்காலியில் அவளுக்கு நான்கு மணி நேரம் மருந்து ஏறும். பக்கத்து ஸ்டூலில் நான். சும்மா உட்காரத் தெரியாத பிறவி. ஏர்கோன் குளிர் அதிகம் என்று கத்துவேன். நர்ஸ் மிஸ்ஸிகளை நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவேன். இரண்டாம் தடவை போனபோது நரம்பு கிடைக்காமல் திணறிய ஒரு சின்ன மிஸ்ஸியைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில், பாவம், அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறொரு மிஸ்ஸியைக் கூப்பிட ஓடினாள்.

அன்று காடியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது மனைவி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “இன்னொரு வாட்டி இப்படிக் கத்துனீங்கன்னா, நான் டாக்சி எடுத்துத் தனியா போயிக்கிறேன். எனக்கு இருக்கிற வலியே போதும்.”

வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். அவளைத் தனியாக அனுப்பிவிட்டு நான் வீட்டில் என்னத்தைச் செய்வேன்?

மூன்றாம் தடவை பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா. அவருக்குத் துணையாக வந்த தங்கை, முக்காடு போட்ட பெண், முப்பது வயதிருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவர்களுக்கு நாசி கண்டார் சோற்றுக் கடையாம். அந்தத் தங்கை கொக்கி ஊசியால் நூலை இழுத்து இழுத்துக் குரோஷே பின்னிக்கொண்டிருந்தாள். எங்கள் மருந்து மெஷின் பீப் பீப் என்றது. நான் விருட்டென்று எழுந்தேன். மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அண்ணே, மிஸ்ஸி வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க லா. நீங்க இதக் கொஞ்சம் புடிங்க” என்று ஒரு கொக்கி ஊசியையும் மஞ்சள் உல்லன் நூலையும் என் கையில் திணித்தாள் அந்தப் பெண்.

இது பொம்பளைங்க வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஊசியும் நூலுமாக ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஊசியில் ஒரு கண்ணி மாட்ட வேண்டும். நூலைக் கொக்கியில் சுற்றி, அந்தக் கண்ணி வழியாக இழுத்தால் ஒரு சங்கிலி. இருபது போட்டேன். இவ்வளவுதானா என்று இளக்காரம். திரும்பி ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் ஊசியை விடச் சொன்னாள். அடச்சே, நுனிகூட நுழையவில்லை.

“அண்ணே, எங்க வேலை செஞ்சீங்க?”

“ஜுருல, பேக்டரி. வயர் கட்டுற லைன். இருபத்திரண்டு வருஷம்.”

அந்த வேலையில் கட்டு போட்டால் ஒரு சுண்டு சுண்டி இறுக்க வேண்டும். தளர்ந்த கட்டு ரிஜெக்ட். என் கை ஒவ்வொரு சங்கிலியையும் அப்படியே சுண்டி வைத்திருந்தது.

“இங்க யாரும் செக் பண்ண வரமாட்டாங்கண்ணே. லூசா விடுங்க.”

மனைவி சிரித்துவிட்டாள். ஒரு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. அந்தத் தங்கச்சி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஊசியையும் நூலையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். வீட்டில் மூன்று வாரமும் அதே வேலை. இருபதில் தொடங்கினால் ஐந்தாம் வரிசையில் பதினாறுதான் இருக்கும். ஓரத்துச் சங்கிலியை விட்டுவிடுகிறேன் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. எத்தனை தடவை பிரித்தேன், அப்பப்பா.

நான்காம் தடவை வந்தது அதே சின்ன மிஸ்ஸி. என்னைப் பார்த்ததுமே முகம் வெளுத்தது. முதல் குத்தில் நரம்பு நழுவியது. மனைவியின் உதடு கோணியது. எனக்குக் கோபம் நெஞ்சு வரை வந்துவிட்டது. கையில் இருந்த சங்கிலி கல்லாக இறுகியிருந்தது. அதை விரலால் தளர்த்தினேன்.

“பரவால்லம்மா, மெதுவா பாருங்க. அன்னைக்கு நான் கத்துனது தப்பு” என்றேன்.

இரண்டாம் குத்தில் ஊசி சரியாக ஏறியது. மிஸ்ஸி போன பிறகு மனைவி ஊசி இல்லாத கையை நீட்டி என் நூலுருண்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் இழுக்க இழுக்க நூலை விட்டுக்கொடுத்தாள். ஒரு வரிசை முடிந்தது.

“ஏங்க, அடுத்த வாட்டி ஸ்டூல இன்னும் கிட்ட போட்டுக்குங்க” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வாரம் காத்திருக்கும் பொறுமை எனக்கு ஏது? அப்போதே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.