மறியல் மேட்டில் பொங்கிய கல்

கல்லூரி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவுக்குக் காது மந்தம். அதனால்தான் காசிநாதன் கல்லைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

களமருதூரிலிருந்து சேலத்துக்கு பஸ் மாறி மாறிப் போய், "ஜுவாலஜி" என்றுதான் அவன் சொன்னான். குமாஸ்தா "ஜியாலஜி" என்று எழுதிக்கொண்டார். முதல் வாரம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து தவளை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததெல்லாம் கல். கறுப்புக் கல், வரிக் கல், மினுக்கும் கல். மாற்றிக் கேட்கப் போனபோது இடம் தீர்ந்துவிட்டது என்றார்கள். சரி, கல் துள்ளாது, நாறாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு, இரண்டாம் வருடத்தில் அதன் மேல் நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாறைகளை எட்டி எட்டிப் பார்ப்பான். பக்கத்து சீட்டுக்காரர்கள் இவன் வாந்தி எடுக்கப் போகிறான் என்று காலை இழுத்துக்கொள்வார்கள்.

பட்டம் வாங்கி ஊருக்கு வந்தான். வேலை வரவில்லை. "எம் மவன் கல்லுக்குப் படிச்சிருக்கான்" என்று அவன் அம்மா ரங்கம்மாள் சொன்னால், "ஒடைக்கறதுக்கா, அடுக்கறதுக்கா?" என்று கேட்டார்கள். நாலைந்து வருடம் அப்பாவின் நெல் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சுப்புராயன் வந்தார். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு போடுகிறவர். தூரத்து உறவில் இவனுக்கு மாமா. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தியிருந்தார். அரசாங்கப் பர்மிட்டில் தரும் சிமெண்டுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் கிடைத்த மூட்டைகளில் பாதி கல்லாக இறுகிப்போயிருந்தது. அந்தக் கோபத்தில் ஒரு சபதம் எடுத்துவிட்டார்.

"இனிமே எவன்கிட்டயும் சிமெண்டு கேக்க மாட்டேன். நானே ஃபேக்டரி வைக்கறேன். அதுக்குச் சுண்ணாம்புக் கல்லு வேணும். கல்ராயன் மலை முச்சூடும் வெள்ள வெள்ளயா கெடக்குதாமே. நீ வந்து பாத்துச் சொல்லு மாப்ள."

காசிநாதன் ஒரு சுத்தியல், ஒரு பூதக்கண்ணாடி, கிரைப் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் கலந்த ஆசிட் ஆகியவற்றோடு அவருடைய ஜீப்பில் ஏறினான். சுண்ணாம்புக் கல்லின் மேல் இந்த ஆசிட் நாலு சொட்டு விழுந்தால் சோடா மாதிரி பொங்கும். மற்றக் கல் சும்மா கிடக்கும். சோதனை அவ்வளவுதான்.

1987 செப்டம்பர் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். சுப்புராயன் கவலைப்படவில்லை. "மறியலு ரோட்டுல. நாம மலைமேல. நமக்கு இன்னா?" என்று கரியாலூரில் ஒரு வீட்டின் முன்னறையைப் பிடித்து, மூட்டை அரிசியோடு தங்கிவிட்டார்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை மலையில் வெள்ளையாக எது தெரிந்தாலும் ஜீப் நிற்கும். காசிநாதன் இறங்கிப்போய் ஆசிட் விடுவான்.

"பொங்குதா?"

"பொங்கல மாமா."

"கம்மியா ஊத்தறேடா. ஜாஸ்தியா ஊத்து."

"இது வெங்கச்சங்கல்லு மாமா, சுண்ணாம்பு இல்ல. பாட்டில கவுத்தாலும் பொங்காது."

ஒருமுறை சுப்புராயனே ஒரு வெள்ளைத் திட்டைக் கண்டுபிடித்து ஓடினார். அது கொக்கு எச்சம். காய்ந்துபோன அதன் மேலும் அவர் ஆசிட் விடச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டின்போது காசிநாதன் தனக்குத் தெரிந்த வரை விளக்கினான். "இது வெந்த மலை மாமா. இங்க இருக்கற பாறையெல்லாம் ஒரு காலத்துல பூமிக்கு உள்ள, ரொம்ப ஆழத்துல, சூட்டுலயும் அழுத்தத்துலயும் கெடந்து உருமாறி மேல வந்தது. நீங்க ஒக்காந்துக்கினு இருக்கற இந்தக் கருங்கல்லு இருக்குதே, சார்னோக்கைட்டுன்னு பேரு. கல்கத்தாவுல செத்துப்போன ஒரு வெள்ளக்காரனோட சமாதிக் கல்லு இந்த ஜாதி. அவன் பேரையே வச்சிட்டாங்க."

சுப்புராயன் சட்டென்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சமாதிக் கல்லுல ஒக்கார வச்சியா என்ன? எத்தினி வருசத்துக் கல்லு இது?"

"இருநூத்தி அம்பது கோடி வருசம்."

"நீ போய்ப் பாத்தியா?"

காசிநாதன் ரசம் ஊற்றிக்கொண்டான்.

கடைசியில் அரிசி தீரவில்லை, சுப்புராயனின் வெற்றிலை தீர்ந்துவிட்டது. மறியல் பாதியில் இருக்கும்போதே ஜீப் மலையிறங்கியது. கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சிக்குள் நுழையும் முக்கில் நின்றது. குறுக்கே ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது. அதன் முன்னால் ஆள் உயரத்துக்குக் கல் மேடு. மேட்டைச் சுற்றி நூறு பேருக்கு மேல்.

நாலு பேர் ஜீப்பைச் சோதித்தார்கள். முதலில் சுத்தியல் வந்தது. பிறகு மடித்து வைத்த மேப். பிறகு பூதக்கண்ணாடி. "சி.ஐ.டி.டா!" என்றான் ஒருவன். பாட்டிலைத் திறந்து முகர்ந்த இன்னொருவன் இருமிக்கொண்டே கத்தினான்: "ஆசிட்டு! நம்ம மேல ஊத்த வந்திருக்கானுங்க!"

கூட்டம் நெருக்கியது. சுப்புராயன், காசிநாதனை யாரென்றே தனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு பூமாலை வந்தான். களமருதூர்க்காரன். அந்த முக்கின் மறியலுக்கு அவன்தான் பொறுப்பு. தொண்டை கட்டி, குரல் ஓட்டை ஹார்மோனியம் மாதிரி இருந்தது.

"வுடுங்கடா அவன! நம்ம ரங்கம்மா பையன். பி.எஸ்.சி. படிச்சிட்டு மட திருப்பிக்கினு இருக்கான்." சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தவன், காசிநாதனின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கல் மேட்டின் உச்சியில் ஏற்றி நிறுத்தினான். "பாத்துக்கங்க! எதுக்குடா மறியல்னு கேக்கறவங்களுக்கு இவன்தான் பதில்! படிச்சிருக்கான், வேல இல்ல! திரும்புடா, எல்லாரும் பாக்கட்டும்."

காசிநாதன் திரும்பிக் காட்டினான். பெண் பார்க்க வந்த இடத்தில் நிற்பது போல் கூச்சமாக இருந்தது.

"இன்னா படிச்சேன்னு நீயே சொல்லு."

"ஜியாலஜி. பாறை பத்தின படிப்பு." எல்லோரும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்ததால் மேலும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. காலடியில் கிடந்த கறுப்புக் கல்லைக் காட்டினான். "இந்தா, இதுக்கு வயசு இருநூத்தி அம்பது கோடி வருசம்."

"அத்தினி வருசமா நமக்கு வேல குடுக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

ஆனால் பாட்டிலை முகர்ந்தவன் விடவில்லை. இருமல் இன்னும் நிற்காத கோபம் அவனுக்கு. "அதெல்லாம் சரி. ஆசிட்டு எதுக்கு? ஊத்திக் காட்டச் சொல்லு."

காசிநாதன் பாட்டிலை வாங்கினான். "ஒண்ணும் ஆவாதுங்க. சும்மா ஒரு சோதனை" என்று கைக்கு எட்டிய ஒரு பழுப்புக் கல்லின் மேல் நாலு சொட்டு விட்டான்.

கல் சீறியது. நுரை பொங்கி ஓரமாக வழிந்தது.

முன்வரிசை பின்வாங்கியது. காசிநாதனே ஓர் அடி பின்னால் வைத்தான். ஜீப்புக்குப் பக்கத்திலிருந்து சுப்புராயன் அலறினார். "பொங்குது! டேய், பொங்குதுடா!" இடுப்பில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, முதலில் காசிநாதனையும் பிறகு யாரென்றே தெரியாத பூமாலையையும் கட்டிக்கொண்டார். "இந்தக் கல்லு எங்கேர்ந்து வந்துச்சி? சொல்லுங்கய்யா. அந்த நெலம் எனக்கு வேணும்!"

அதுவரை அந்தக் கல்லைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் அதற்கு உரிமை கொண்டாட ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் கொல்லையில் எடுத்தது என்றார். இன்னொருவர் அது தன் மாமியார் வீட்டுக் கிணற்றடிக் கல் என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். மூன்றாமவர், தன் தாத்தாவைப் புதைத்த இடம் அது, ஆனாலும் பேசிப் பார்க்கலாம் என்றார். மறியலை மறந்து அங்கே ஒரு சின்னச் சண்டையே ஆரம்பமாயிற்று.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் காசிநாதன் மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியால் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது. சும்மா இருந்திருந்தால் அன்று அவன் பெரிய ஆள். அவனால் முடியவில்லை. மாமா, மறியல், மண்டபம் எல்லாம் அவன் தலையிலிருந்து ஒரே சமயத்தில் போய்விட்டன.

"சிப்பி!" என்று கத்தினான். "கடல் சிப்பி! கல்லுக்குள்ள சிப்பி இருக்குது! இந்த வரியப் பாருங்க! காலேஜு கண்ணாடிப் பெட்டிக்கு வெளிய இப்பத்தான் மொத மொதல்ல பாக்கறேன்!"

"இருக்கட்டும்டா, நல்லதுதானே" என்றார் சுப்புராயன். "சிப்பியும் சுண்ணாம்புதானே."

"இல்ல மாமா. சிப்பி இருந்தா இது நம்ம மலைக் கல்லே இல்ல. நம்ம மலை வெந்தப்போ ஒலகத்துல சிப்பியே பொறக்கல. அந்தச் சூட்டுல சுண்ணாம்பு இருந்திருந்தாக்கூட கல்கண்டு மாதிரி சலவைக்கல்லா மாறியிருக்கும். இது வேவாத கல்லு. கடலுக்கு அடியில படிஞ்சது. எங்கயோ கிழக்கேர்ந்து வந்திருக்குது."

"இந்த முக்குல ஏதுடா கடலு?"

பதில் சாலையோரக் கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து வந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு மனிதன், மேலெல்லாம் கரும்புத் தோகை கீறிய கோடுகளோடு வெளியே வந்தான். பெயர் மாயவன். காலையில் அவனுடைய லாரியை மறித்தவர்கள், லோடில் பாதியை இறக்கி மேட்டில் போட்டுவிட்டு, வண்டியைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தார்கள். பயந்துபோய்க் கரும்புக்குள் ஒளிந்திருந்தவன், தன் கல்லுக்கு இத்தனை பேர் சொந்தம் கொண்டாடுவதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் வந்துவிட்டான்.

"அது அரியலூர்க் கல்லுங்க. திருவண்ணாமலைப் பக்கம் சுண்ணாம்புச் சூளைக்கு எடுத்துக்கினு போறேன். யாரு தாத்தாவையும் நான் தோண்டல."

சுப்புராயன் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு காசிநாதனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். கிளம்பிப் போய்விடலாம் என்றால் வழி இல்லை. பூமாலை எல்லோருக்கும் புளிசாதப் பொட்டலம் கொடுத்தான். சுப்புராயன் கோபத்தோடு வாங்கி, கோபத்தோடு இரண்டாவதும் கேட்டார்.

சாயங்காலம் போலீஸ் வந்து, மேட்டில் இருந்த அத்தனை பேரையும் வேனில் ஏற்றியது. "நான் மறியலுக்கு வரலய்யா, சிமெண்டுக்கு வந்தேன்" என்று சுப்புராயன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் ஏற்கெனவே கைதானவர்களால் நிரம்பியிருந்தன. வேன் ஊரைச் சுற்றி, கடைசியில் தரை போடாமல் பாதியில் நிற்கும் ஒரு கட்டடத்தின் முன் நின்றது.

"யோவ், இது என் மண்டபம்யா!" என்றார் சுப்புராயன்.

"நல்லதாப் போச்சி. கக்கூஸ் எங்க இருக்குதுன்னு காட்டுங்க" என்றார் கான்ஸ்டபிள்.

கக்கூஸ் கட்டப்படவில்லை.

இருட்டிய பிறகு யாரோ ஒரு டிரான்சிஸ்டரைத் திருப்பினார்கள். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போன செய்தி வந்தது. பூமாலை அதை அணைத்துவிட்டுத் துண்டை விரித்தான். ஒவ்வொருவராகப் படுத்தார்கள். சுப்புராயன்தான் வாயைத் திறந்தார். தன் மண்டபத்து மண் தரையில் இத்தனை பேர் துண்டை விரித்துப் படுத்திருப்பது அவரை என்னவோ செய்திருக்க வேண்டும்.

"மொத மொதல்ல வந்த விருந்தாளிங்க. படுக்க ஒரு தரைகூட இல்ல" என்றார், பொதுவாக.

"சிமெண்டு எதுக்கு மாமா?" என்றான் காசிநாதன், இருட்டில். "மலையடிவாரத்துக் கருங்கல்லயே பலகையா அறுத்துப் போடலாம். வழவழன்னு இருக்கும். சந்துல மட்டும் கொஞ்சமா சுண்ணாம்பு பூசினாப் போதும்."

"எங்க மாமன் கல்லுப் பட்டறை வச்சிருக்காரு" என்றான் பூமாலை, போயே போய்விட்ட குரலில்.

சுப்புராயன் முனகினார். "சமாதிக் கல்லத்தான் கல்யாண மண்டபத்துல போடச் சொல்றியா?" ஆனால் மறுத்தும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அப்படித்தான் போட்டார். வெள்ளைக்காரன் கதையை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று காசிநாதனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லோரையும் விட்டுவிட்டார்கள். சாலை திறந்ததும் மாயவன் ஊருக்குத் திரும்பினான். காசிநாதனும் லாரியில் தொற்றிக்கொண்டான். அந்தச் சிப்பி எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை. அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கப் பள்ளத்தில் இறங்கியவன், சுவரெல்லாம் சிப்பியாக இருப்பதைப் பார்த்து, சாப்பிடக்கூட மேலே ஏறவில்லை. நாள் முழுக்கப் பள்ளத்தில் கிடக்கும் இந்த ஆள் யார் என்று விசாரித்த சுரங்க மேஸ்திரி, விவரம் தெரிந்ததும், கல் தரம் பார்க்க ஆள் தேவைப்படுகிறது என்றார். அங்கேயே வேலையில் சேர்ந்தான்.

இதற்கிடையில் களமருதூரில், மகன் மறியல் செய்து ஜெயிலில் இருக்கிறான் என்று ரங்கம்மாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பை சிப்பிக் கல்லோடு அவன் வந்து நின்றதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சத்தம் போடாம உள்ள வாடா. போராட்டத்துல ஜெயிலுக்குப் போன புள்ளன்னு பொண்ணு குடுக்க வந்துட்டுப் போயிருக்காங்க. பாறைய நோண்டிக்கினு இருந்தேன்னு தெரிஞ்சா இன்னா ஆவறது?"

அந்தப் பெண்தான் கமலா. அவளிடம் அவன் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டான். "ஒரு ராத்திரி மண்டபத்துல அடைச்சாங்க இல்ல, அது போதும்" என்றாள் அவள். "எங்க அண்ணன்கிட்ட மட்டும் வேலூரு ஜெயிலுன்னு சொல்லிவுட்டுருங்க."

இரண்டு வருடம் கழித்து ஒதுக்கீடு வந்தது. அதில் காசிநாதனுக்கு நிலத்தடி நீர் ஆய்வில் அரசாங்க வேலையும் கிடைத்தது. முப்பது வருடம் மாவட்டம் மாவட்டமாகப் போய், எங்கே ஆழ்துளைக் கிணறு போடலாம், எங்கே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூடாது என்று அவர் சொன்ன இடத்தில்தான் ஜனங்கள் முதலில் போட்டார்கள். ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் இருக்கும் இப்போதும் அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

போன மாதம்கூட ஒருவர் வந்தார். எழுநூறு அடி வரைக்கும் பொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் பாறைத் தூள்தான் வந்தது என்றார்.

"அங்க போட வேணாம்னு சொன்னேனே" என்றார் காசிநாதன்.

"சொன்னீங்க சார். நான் இல்லன்னு சொல்லல." வந்தவர் தலையைச் சொறிந்தார். "அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு போட்டுப் பாக்கட்டுமா?"

காசிநாதன் அவர் பையில் கொண்டுவந்திருந்த பாறைத் தூளை உள்ளங்கையில் கொட்டி வெயிலில் பிடித்தார். கருநீலமாக மின்னியது. "அழகா இருக்குது பாரு" என்றார் அவரிடம். பிறகு உள்ளே திரும்பி, கமலாவிடம் இரண்டு காப்பி கேட்டார்.